இரண்டு வீட்டுக்கு நடுவே நின்ற ஊசி

எனக்கு அந்த ஊசியைப் போடாமல் விட்டது யார் என்று கேட்டால் இன்றைக்கும் இரண்டு வீட்டிலும் பதில் கிடையாது. "நாங்க வேண்டாம்னு சொல்லலியே" என்பார்கள். உண்மைதான். ஒருவரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. போடு என்றும் ஒருவரும் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பதற்கு அவர்கள் பட்ட பாட்டில் பாதியைப் பட்டிருந்தால், ஒரு ஆட்டோ பிடித்துப் போய் ஊசி போட்டுக்கொண்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு வந்து சேர்ந்திருக்கலாம்.

எழுத வேண்டும் என்று எனக்கு ஆசையில்லை. ஆனால் மாசமாக இருக்கிற பெண்கள் என்னைப் பார்த்தால் அந்தக் காய்ச்சலைப் பற்றிக் கேட்கிறார்கள். அவர்களோடு வருகிற பெரியவர்கள், நான் வாயைத் திறப்பதற்குள் "அதெல்லாம் இப்போ எதுக்கு" என்று பேச்சை மாற்றிவிடுகிறார்கள். பேச்சை மாற்றுவதில் எங்கள் ஆட்களை அடித்துக்கொள்ள முடியாது. எழுத்தில் அப்படி யாரும் குறுக்கே வர முடியாது என்பதால் எழுதுகிறேன்.

என் பெயர் ஷீபா. குளச்சலுக்குப் பக்கத்தில் ஒரு மெட்ரிக் பள்ளியில் ஒன்பதுக்கும் பத்துக்கும் கணக்கு எடுக்கிறேன். கணவர் ஆன்றோ மஸ்கட்டில் ஒரு எண்ணெய்க் கம்பெனியில் இருக்கிறார். கடற்கரையில் உள்ள அவருடைய வீட்டில் மாமியும், நாத்தனார் பிரின்சியும், நானும். மாமனார் இறந்து பல வருடம் ஆகிறது. மாமி மீன் எடுத்து விற்றுத்தான் இரண்டு பிள்ளைகளையும் வளர்த்தார். கரையில் குவித்துப் போட்ட சாளையைக் கண்ணால் ஒரு தடவை பார்த்து, நாலு ஆண்பிள்ளைகள் வாயைத் திறப்பதற்குள் விலையைச் சொல்லி ஏலத்தை முடித்துவிடுவார். அப்படிப்பட்டவர், மருமகளின் தோளில் ஒரு ஊசி ஏறலாமா என்பதை மூன்று வாரம் யோசித்தார்.

இரண்டாயிரத்துப் பதினைந்தின் தொடக்கம். எனக்கு ஆறாம் மாதம். பேப்பரைத் திறந்தால் பன்றிக் காய்ச்சல். பன்றிக்கும் நமக்கு வருகிற காய்ச்சலுக்கும் இப்போது ஒரு சம்பந்தமும் இல்லை, இது மனுசனிலிருந்து மனுசனுக்கு இருமலிலும் தும்மலிலும் தாவுகிற ஒருவகை ஃப்ளூ என்று அந்தப் பேப்பரிலேயே போட்டிருந்தார்கள். எங்கள் ஊரில் அதை யார் வாசிக்கிறார்கள்? ஞாயிற்றுக்கிழமை பன்றிக்கறி வாங்குவதை நிறுத்தினார்கள். அதோடு காய்ச்சல் ஊருக்குள் வராது என்று நிம்மதியாகக் கோழி வாங்கித் தின்றார்கள்.

அந்த மாதப் பரிசோதனைக்கு நாகர்கோவிலுக்கு மாமியோடுதான் போயிருந்தேன். டாக்டரம்மா வயிற்றைப் பார்த்தார், பிள்ளையின் துடிப்பைக் கேட்கவைத்தார். பிறகு, "ஒரு ஃப்ளூ ஊசி போட்டுக்கலாம் ஷீபா. இப்போ பரவலா இருக்கு" என்றார்.

எதற்கு என்று கேட்டேன். பொறுமையாகச் சொன்னார். பிள்ளை வளர வளர வயிறு நுரையீரலை மேலே நெருக்குகிறது, மூச்சுக்கு இடம் குறைகிறது. நோயை எதிர்க்கிற சக்தியும் கர்ப்ப காலத்தில் கொஞ்சம் அடங்கியிருக்கும். அதனால் மற்றவர்களுக்கு நாலு நாள் படுக்கையோடு போகிற காய்ச்சல், கர்ப்பிணிக்கு நெஞ்சில் இறங்கிவிடலாம். இந்த ஊசியில் இருப்பது செத்த கிருமி, அதனால் காய்ச்சலை உண்டாக்க முடியாது. கை ஒரு நாள் வலிக்கும், லேசாகச் சூடு அடிக்கலாம். ரொம்ப அபூர்வமாக ஒருத்தருக்கு ஒவ்வாமை வரும், அதற்கு மருந்து பக்கத்திலேயே இருக்கும். ஊசி வேலை செய்யத் தொடங்க இரண்டு வாரம் ஆகும். பிறக்கிற பிள்ளைக்கும் முதல் சில மாதம் அந்தப் பாதுகாப்பு கிடைக்கும்.

"போட்டா காய்ச்சலே வராதா டாக்டர்?"

"அப்படிச் சொல்ல மாட்டேன். வரலாம். வந்தாலும் மோசமாப் போற வாய்ப்பு குறையும்."

இதைவிட நேர்மையாக ஒருத்தர் என்ன சொல்ல முடியும்? நான் புடவைத் தோளைத் தளர்த்தக்கூட ஆரம்பித்துவிட்டேன். மாமி எழுந்து நின்றார்.

"வீட்டில கேட்டுட்டு வாறோம் டாக்டர்."

"வீட்டில யாரைம்மா கேக்கணும்? பெரியவங்க நீங்கதானே வந்திருக்கீங்க."

"ரெண்டு வீடு உண்டுல்லா டாக்டர்" என்றார் மாமி.

பஸ்ஸில் உட்கார்ந்ததும் விளக்கம் வந்தது. "தலைப்பிரசவம் உங்க அம்ம வீட்டுப் பொறுப்பு, கேட்டியா. நான் ஊசியப் போட்டுவிட்டு நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா, கெட்டிக் குடுத்த எடத்தில எனக்க மவளுக்கு என்னத்தையோ குத்திப் போட்டாவன்னு உங்க அம்ம ஊரு முழுக்கச் சொல்லுவா. அவளே போடச் சொல்லட்டும். நான் குறுக்க நிக்க மாட்டேன்."

அம்மாவுக்குப் போன் போட்டேன். எங்கள் வீடு கிழக்கே, பஸ்ஸில் ஒரு மணி நேரம். எங்கள் பக்கத்தில் ஏழாம் மாதம் பெண் வீட்டுக்காரர்கள் பலகாரத்தோடு போய், வயிறு காணல் நடத்தி, பெண்ணைப் பிரசவத்துக்குக் கூட்டி வருவது வழக்கம். அம்மா அதைப் பிடித்துக்கொண்டாள்.

"வயிறு காண வந்து நாங்க கூட்டிட்டு வாறது வரைக்கும் நீ அவிய பொறுப்பு மக்ளே. நான் போடுன்னு சொல்லி, அந்த வீட்டுப் பிள்ளைக்கு ஏதாவது வந்துதுன்னா உனக்க மாமியா என்ன உயிரோட விடுவாளா? அவிய சொன்னா போட்டுக்க. நான் ஒண்ணும் தடுக்கல."

கடைசியாக ஆன்றோ. "இஞ்ச எங்களுக்கு வருசா வருசம் போடுவினும். கார்டுல சீல் இல்லன்னா சைட்டுக்குள்ள விடமாட்டான்" என்றார்.

"அப்போ நானும் போட்டுக்கிடட்டா?"

"அம்மாட்ட கேளு. உங்க அம்மாட்டயும் ஒரு வார்த்தை கேட்டுக்க. பொறவு பிரச்சினை வரக்கூடாது பாத்துக்க."

அவர் தோளில் கம்பெனி ஊசி. என் தோளுக்குக் குடும்ப ஆலோசனை. போனை வைத்துவிட்டு எனக்குச் சிரிப்புதான் வந்தது.

இடையில் ஊரார் வேறு. மெடிக்கல் கடைக்காரர், "மாசமா இருக்கப்ப எதுக்கு ரிஸ்க்" என்றார். அவர் கடையில்தான் சீட்டு இல்லாமல் யார் போய்க் கேட்டாலும் ஆன்டிபயாட்டிக் கிடைக்கும். பக்கத்து வீட்டு அக்கா, தன் அம்மாவுக்கு ஊசி போட்ட மறுநாள் முட்டுவலி வந்ததாகச் சொன்னாள். அந்த அம்மாவுக்கு முட்டுவலி நான் கல்யாணமாகி வருவதற்கு முன்பிருந்தே உண்டு. பிரின்சி அப்போது கடைசி வருடம் பி.காம். அவளுக்கு வாட்ஸ்அப்தான் வேதம். "எங்கயோ ஊசி போட்ட பிள்ளைக்குக் கை வெளங்காமப் போச்சாம் மைனி, இஞ்ச பாருங்க" என்று போனை நீட்டினாள். எந்த ஊர், எந்தப் பிள்ளை, எந்த ஊசி என்று கேட்டேன். "அதெல்லாம் போடல" என்றாள்.

நான் ஒரு நோட்டில் நடுவில் கோடு போட்டு எழுதிப் பார்த்தேன். இந்தப் பக்கம் கைவலி, ஒரு நாள் சூடு, அபூர்வமான ஒவ்வாமை, போட்டும் காய்ச்சல் வரலாம் என்பது. அந்தப் பக்கம் நெஞ்சில் இறங்கும் காய்ச்சல், நான், பிள்ளை. பத்தாம் வகுப்பில் நிகழ்தகவு நடத்துகிறவளுக்கு இது ஒரு கணக்கா? கடைசி பெஞ்சுக்காரன்கூட விடையைச் சொல்லிவிடுவான்.

ஆனால் எங்கள் இரண்டு வீடும் போட்டுப் பார்த்த கணக்கு வேறு. காய்ச்சல் வந்து ஏதாவது ஆனால் அது கடவுள் தந்தது. ஊசி போட்டு ஏதாவது ஆனால் அது போடச் சொன்னவர் தந்தது. கடவுளிடம் போய் யாரும் சண்டை போட மாட்டார்கள், சம்பந்தியிடம் போடுவார்கள். அவர்கள் எடைபோட்டது நோயையும் மருந்தையும் அல்ல, பழியை. அதில் என் மூச்சும் பிள்ளையின் மூச்சும் எந்தத் தட்டிலும் இல்லை.

இதைச் சொல்லி அவர்களைத் திட்டிவிட்டு நான் நல்லபிள்ளையாக நழுவ முடியாது. எனக்குச் சம்பளம் வருகிறது. நாகர்கோவில் பஸ் எங்கே நிற்கும் என்று தெரியும். யாரிடமும் கேட்காமல் போய்ப் போட்டிருந்தால் போலீசா பிடிக்கும்? நான் போகவில்லை. ஏதாவது ஆனால் 'அவளே போய்ப் போட்டுக்கிட்டா' என்பார்களே என்று பயந்தேன். யாராவது ஒருவர் போடு என்று சொல்லட்டும் என்று நோட்டை மூடி வைத்துவிட்டுக் காத்திருந்தேன். அவர்களுக்காவது படிப்பில்லை. படித்த கோழை நான்.

கடைசியில் ஒரு சமாதானம் உண்டானது. வயிறு காணல் முடியட்டும், அம்மா வீட்டுக்குப் போனபிறகு அங்கே போட்டுக்கொள்ளலாம். இப்போது போட்டு முகம் வாடிப்போனால் வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள்? போட்டோவும் நன்றாக விழாது. இரண்டு அம்மாமாரும் ஒத்துக்கொண்ட ஒரே விஷயம் இதுதான்.

வயிறு காணலுக்கு அம்மா பக்கத்திலிருந்து இரண்டு வேன் நிறைய ஆட்கள் வந்தார்கள். முந்திரிக்கொத்து, அச்சுமுறுக்கு, நெய்யப்பம் எல்லாம் டின் டின்னாக இறங்கின. என்னை நாற்காலியில் உட்காரவைத்து ஒவ்வொரு பெண்ணும் வந்து ஒரு துண்டு பலகாரத்தைக் கிள்ளி வாயில் வைத்தார்கள். என் சித்தி முறை வந்தது. கையை மூடி நாலு தடவை இருமினாள். "ஏசி வேன்ல வந்ததுல தொண்ட கெட்டிப்போச்சு மக்ளே" என்று அதே கையைப் புடவையில் துடைத்துவிட்டு முந்திரிக்கொத்தை உடைத்து ஊட்டினாள். நான் மென்று விழுங்கினேன். அவளிடமிருந்துதான் வந்தது என்று நான் சொல்லவில்லை. அன்றைக்கு இருமியவர்கள் இன்னும் நாலு பேர் இருந்தார்கள், என் பள்ளிப் பிள்ளைகளும் இருமிக்கொண்டுதான் இருந்தார்கள்.

அம்மா வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் உடம்பு முறித்துப்போட்டது. தலைவலி, குளிர், வறட்டு இருமல். அம்மா சுக்குக்காப்பி போட்டாள். கண் பட்டுவிட்டது என்று உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டாள். அந்த நெடியில் நான் இன்னும் இருமினேன். டாக்டரிடம் போவோம் என்றால், "வயித்தில பிள்ளைய வச்சிட்டு மாத்திரை தின்னப்பிடாது" என்றாள். இந்தக் காய்ச்சலுக்கு ஒரு மாத்திரை உண்டு, கர்ப்பிணிகளுக்கும் கொடுப்பார்கள், முதல் இரண்டு நாளுக்குள் தொடங்கினால்தான் நல்ல பலன் என்பது பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. அந்த இரண்டு நாளும் சுக்குக்காப்பியில் போயின. ஊசி ஞாபகமும் அம்மாவுக்கு அப்போதுதான் வந்தது. "நல்லவேள. காச்சலோட ஊசி போடக்கூடாதுல்லா" என்றாள். மருத்துவ அறிவு அந்த ஒரு விஷயத்தில் மட்டும் சரியாக இருந்தது.

காய்ச்சல் தொடங்கி நாலாம் நாள் காலையில் ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்ல என்னால் முடியவில்லை. ஐந்து நாளாகக் கடலில் தங்கி மீன் பிடித்துக்கொண்டிருந்த அப்பா அப்போதுதான் வந்தார். வாசலில் நின்றபடியே என்னைப் பார்த்தார்.

"நாலு நாளா இதையா பாத்துட்டு இருந்திய?" என்று அம்மாவைக் கேட்டுவிட்டு, ஈர வேட்டியோடு கார் பிடிக்க ஓடினார்.

நாகர்கோவிலில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. விரல் நுனியில் கிளிப் போன்ற ஒன்றை மாட்டினார்கள். இரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு இருக்கிறது என்று அது காட்டும். எண்ணைப் பார்த்த நர்ஸ் தள்ளுவண்டியைத் தானே இழுத்தாள். மூக்கிலும் தொண்டையிலும் பஞ்சுக்குச்சி விட்டுச் சளியை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வரும்வரை காத்திராமல் மாத்திரையைத் தொடங்கினார்கள். வயிற்றை ஈயத்துணியால் மூடி நெஞ்சுக்கு எக்ஸ்ரே எடுத்தார்கள். நிமோனியா என்றார் டாக்டர். நுரையீரலில் காற்று நிற்க வேண்டிய சின்னச் சின்னப் பைகளில் நீரும் சளியும் நிறைந்திருக்கிறது, மூச்சை இழுத்தாலும் உள்ளே ஏற இடமில்லை என்றார்.

ஐசியுவில் ஒரு ஓரமாகத் தனி அறை. முகத்தை இறுக்கிப் பிடித்து உள்ளே காற்றைத் தள்ளுகிற முகமூடி போட்டார்கள். அதை மாட்டினால் யாரோ வாயைப் பொத்தி ஊதுவது மாதிரி இருக்கும், கழற்றினால் மூச்சு கிடையாது. பகலா இரவா என்று தெரியாமல் எந்நேரமும் டியூப்லைட். மூச்சை இழுப்பதே முழுநேர வேலையாக இருந்தது. எனக்குப் பயமாக இருந்தது. ஜெபம்கூட வரவில்லை. பிள்ளை அசைகிறதா என்று மட்டும் எண்ணிக்கொண்டிருந்தேன்.

மேற்கே களியக்காவிளைப் பக்கத்து நர்ஸ் ஒருத்தி இருந்தாள். மணிக்கொருதரம் வந்து, "பிள்ள அனங்குதா சேச்சி?" என்று கேட்பாள். நான் விரல்களை விரித்துக் காட்டுவேன். ஐந்து தடவை. நாலு தடவை. அவள் என் விரல்களை மடக்கித் தன் கைக்குள் கொஞ்ச நேரம் வைத்திருப்பாள். நோய் ஒட்டும் என்று சொந்தக்காரர்கள் வாசலோடு நின்றபோது தொட்டவள் அவள்தான்.

வெளியே வராந்தாவில் இரண்டு வீட்டாரும் எதிரெதிர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்களாம். திருவனந்தபுரத்துக்குக் கொண்டுபோகலாமா என்று ஒரு கூட்டம் நடந்திருக்கிறது. அம்மா பக்கம் "அவிய சொல்லட்டும்." மாமி பக்கம் "அவிய சொல்லட்டும்." டாக்டர் வந்து, இந்த நிலையில் ஆம்புலன்சில் ஏற்றுவதே ஆபத்து என்று சொல்லிக் கூட்டத்தைக் கலைத்தாராம்.

இன்னொன்றையும் சொல்லாமல் விடக்கூடாது. பெரிய வெள்ளியைத் தவிர ஏலத்துக்குப் போகாமல் இருந்தறியாத மாமி, அந்த நாட்களில் ஒருநாள்கூடக் கரைக்குப் போகவில்லை. அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை என்று கண்டு, பேச்சுவார்த்தை இல்லாத நிலையிலும் தன் இட்லிப் பொட்டலத்தைப் பிரித்துப் பாதியை அவள் மடியில் வைத்திருக்கிறார். அம்மாவும் தின்றிருக்கிறாள். இந்த மனசு உள்ளவர்கள்தான் ஒரு வார்த்தை சொல்லப் பயந்தார்கள்.

ஐசியுவில் ஐந்தாம் நாள் காலை என் விரல் ஒன்றும் விரியவில்லை. நர்ஸ் துடிப்புக் கேட்கிற கருவியை வயிற்றில் வைத்தாள். நகர்த்தினாள். இன்னும் கொஞ்சம் ஜெல் போட்டு மறுபடி நகர்த்தினாள். கரகரவென்ற சத்தம் மட்டும் வந்தது. அவள் என் முகத்தைப் பார்க்காமல் வெளியே போனாள். ஸ்கேன் மிஷினைத் தள்ளிக்கொண்டு அந்த ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்க்கிற டாக்டரம்மா வந்தார்.

"துடிப்பு இல்லம்மா" என்றார். என் இரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்தபோது பிள்ளைக்குப் போனது அதைவிடக் குறைவு, முந்தின நாளே ஆபரேஷனுக்கு யோசித்தோம், உன் நிலைமை தாங்காது என்றுதான் நின்றோம் என்றார். முகமூடிக்குள் அழுதால் மூச்சு முட்டும். என்னை அழக்கூட விடவில்லை அந்தக் காய்ச்சல்.

மருந்து கொடுத்து வலி வரவைத்து மறுநாள் எடுத்தார்கள். பெண் பிள்ளை. துணியில் சுற்றிக் காட்டினார்கள். ஆன்றோவின் நெற்றி, என் மோவாய். நகம்கூட முளைத்திருந்தது.

எந்த ஊர்க் கல்லறையில் வைப்பது என்று வராந்தாவில் பேச்சு எழுந்திருக்கிறது. பிறந்தது பெண் வீட்டுப் பொறுப்பில், பிள்ளையோ ஆண் வீட்டுப் பிள்ளை. அப்பா எழுந்து, "இதுக்கும் ரெண்டு வீட்டுக் கூட்டம் கூடணுமாக்கும்!" என்று ஒரு கெட்ட வார்த்தையும் சேர்த்துச் சொல்லி, தானே பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு காரில் ஏறியிருக்கிறார். எங்கள் ஊரில் அவளை வைத்தார். அன்றைக்கு முடிவு என்று ஒன்றை எடுத்த ஒரே ஆள் அவர்தான்.

நான் பிழைத்தேன். சளி கரைந்தது, முகமூடி போய் மூக்கில் குழாய் வந்தது, குழாயும் போய் வார்டுக்கு வந்தேன். ஆன்றோ பன்னிரண்டு நாள் லீவில் வந்து கட்டிலின் கீழே உட்கார்ந்து அழுதார். அவரிடம் ஒன்றும் கேட்கத் தோன்றவில்லை. பில் வந்தபோது மட்டும் நான் கட்டுகிறேன், நான் கட்டுகிறேன் என்று இரண்டு வீடும் போட்டிபோட்டன. அந்தப் பொறுப்பை ஏற்க மட்டும் இவ்வளவு துணிச்சல் எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை.

ரவுண்ட்ஸ் வந்த டாக்டரிடம், எல்லாரும் இருக்கும்போதே நான் கேட்டேன். "அந்த ஊசிய நேரத்துக்குப் போட்டிருந்தா என் பிள்ள இருந்திருக்குமா சார்?"

அவர் ஃபைலை மூடிவிட்டுச் சொன்னார். "இருந்திருக்க வாய்ப்பு அதிகம். ஊசி போட்டவங்களுக்கும் காய்ச்சல் வரத்தான் செய்யும், ஆனா இந்த அளவுக்குப் போறது குறைவு. உங்க விஷயத்தில என்ன ஆகியிருக்கும்னு உறுதியாச் சொல்ல யாராலயும் முடியாதும்மா."

சாயங்காலத்துக்குள் அந்தப் பதிலைக் கழுவித் துடைத்து எப்படி ஆக்கிவிட்டார்கள் என்கிறீர்கள்! அம்மா போனில் சித்தியிடம் சொன்னாள்: "டாக்டரே சொல்லிட்டாரு. ஊசி போட்டாலும் காச்சல் வரத்தான் செய்யுமாம்." மூன்று வாக்கியத்தில் தனக்கு வேண்டிய அரை வாக்கியத்தை எடுத்துக்கொண்டாள்.

மாமி என் பின்னால் உட்கார்ந்து, ஐசியுவில் சடைபிடித்துப்போன தலைமுடியை எண்ணெய் தொட்டுத் தொட்டுப் பிரித்துக்கொண்டிருந்தார். இரண்டு நாளாக அதையே செய்தார், ஒரு முடி வலிக்கவில்லை. அப்படிப் பிரித்துக்கொண்டே சொன்னார்.

"ஒருவகைக்கு, போடாதது நல்லதாப் போச்சு மக்ளே. போட்டிருந்தோம்னா, ஊசியாலதான் பிள்ள போச்சுன்னு நம்ம தலையில வந்து விடிஞ்சிருக்கும்."

எனக்குக் காறித் துப்ப வேண்டும் போல இருந்தது. துப்புவதற்கு நெஞ்சில் பலமில்லை. அதைவிடக் கேவலமான ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். துடிப்பு இல்லை என்று டாக்டரம்மா சொன்ன அந்த நிமிடத்தில், 'நல்லவேளை, நான் தனியாகப் போய் ஊசி போடவில்லை, என்னை யாரும் சொல்ல முடியாது' என்று எனக்கும் ஒரு எண்ணம் வந்து போனது. என் பிள்ளை செத்துக் கிடக்கும்போது எனக்கு வந்த நினைப்பு அது. மாமியை நான் எந்த வாயால் திட்டுவது?

அடுத்த வருடம் பிரின்சிக்குக் கல்யாணம் ஆனது. அதற்கடுத்த மழைக்காலத்தில் அவளுக்கு ஐந்தாம் மாதம். ஊரில் மறுபடி இருமல் சத்தம். ஒரு சனிக்கிழமை மாமி கொல்லைப்புறத்தில் மீன் கழுவிக்கொண்டிருந்தார். நான் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். அவர் தலையை நிமிர்த்தாமல் கேட்டார்.

"அந்த ஊசி இப்பவும் போடுவாவளாட்டி?"

"எந்த ஊசி?" என்றேன். தெரிந்தேதான் கேட்டேன்.

"அதான். காச்சலுக்கு. பிரின்சி நாளைக்கு வாறா. நீ அவள கூட்டிட்டுப் போ. நான் சொன்னேன்னு சொல்லாண்டாம். அவ மாமியா கேட்டா, நீ டீச்சரு, நீயா கூட்டிட்டுப் போனன்னு இருக்கட்டும்."

"ஏதாவது ஆச்சுன்னா?"

"அதுக்குத்தான் சொல்லுதேன்" என்றார் மாமி. ஒளிவு மறைவே இல்லை.

கையிலிருந்த செம்பை நான் அப்படியே கல்லில் வைத்தேன். "எனக்கு ஏன் மாமி சொல்லல?"

அவர் கத்தியைக் கீழே போட்டார். மீன் செதில் ஒட்டிய கையாலேயே முகத்தை மூடிக்கொண்டார். "அப்போ ஊர நெனச்சுப் பயந்தேம்புள்ள. இப்போ காச்சல நெனச்சுப் பயப்படுதேன்" என்றார். மூன்று வருடத்தில் அவர் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். நான் தேற்றவில்லை. போகமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டு பிரின்சியைக் கூட்டிக்கொண்டு போனேன். முதலில் எனக்கு ஊசி போடச் சொன்ன அதே டாக்டரம்மா, அதே நீளப் பெஞ்சு. ஊசி போடுகிற நர்ஸ் ஒரு தாளை நீட்டி, "கூட வந்தது யாரு? இதில ஒரு ஒப்பு போடுங்க" என்றாள். கையெழுத்தைத்தான் எங்கள் பக்கத்தில் ஒப்பு என்போம். பெயரை எழுதி, உறவு என்ற இடத்தில் அண்ணன் மனைவி என்று எழுதி, ஒப்பு போட்டுக் கொடுத்தேன்.

பிரின்சி கண்ணை இறுக மூடிக்கொண்டு என் மணிக்கட்டைப் பிடித்தாள். நர்ஸ் பஞ்சால் துடைத்தாள், குத்தினாள், எடுத்தாள், பஞ்சை அழுத்திப் பிடிக்கச் சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

பிரின்சி கண்ணைத் திறந்து தோளைப் பார்த்தாள். "இவ்வளவுதானா மைனி?"

"இவ்வளவுதான்" என்றேன்.

அவள் சட்டைக் கையை இறக்கிவிட்டு, பசிக்கிறது என்று சொல்லிக்கொண்டே வெளியே நடந்தாள். ஆட்டோ நிற்கிறது, வாங்க மைனி என்று வாசலிலிருந்து இரண்டு தடவை கூப்பிட்டாள். என்னால் அந்தப் பெஞ்சிலிருந்து எழுந்திருக்க முடியவில்லை.